ஒரு ஹால், நான்கு சீலிங் ஸ்பீக்கர், மூன்று புகார்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹால் 7 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம். தரையிலிருந்து ஜிப்சம் போர்டு வரை 2.7 மீட்டர். டிவி சுவர்ப் பக்கம் இரண்டு, பின்னால் சாப்பாட்டு மேசைக்கு மேலே இரண்டு என்று நான்கு 6.5 அங்குல டூ-வே ஸ்பீக்கர்கள் (பேஸுக்கு ஒரு கோன், ட்ரெபிளுக்கு ஒரு குட்டி ட்வீட்டர்), எல்லாமே 8 ஓம். பின்புறம் பெட்டி இல்லாத வகை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தையே பெட்டியாக எடுத்துக்கொள்ளும். ஓட்டுவது ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். முன் ஜோடி அதன் ஏ டெர்மினலில், பின் ஜோடி பி டெர்மினலில். சீலிங் மூடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் வயர் இழுத்துவிட்டார். அதனால் எந்த வயர் எங்கே போகிறது, எங்கே ஜாயின்ட் என்று யாருக்கும் தெரியாது. வரைபடமும் கிடையாது.

வீட்டுக்காரர் சொன்ன புகார்கள் மூன்று. ஒன்று, பேஸ் இல்லவே இல்லை. பேஸ் குமிழைக் கடைசி வரை திருப்பி, பேஸைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பட்டனையும் போட்டால்தான் ஏதோ கொஞ்சம் வருகிறது. இரண்டு, நாலு பேர் கூடியிருக்கும்போது சத்தத்தைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் ஆம்ப் தானாக நின்றுவிடுகிறது. ஆறியதும் திரும்ப வருகிறது. மூன்று, பின்னால் இடது பக்கம் எங்கோ ஒரு உறுமல், அதுவும் சில பாட்டில் மட்டும்.

மூன்றுக்கும் சேர்த்து அவர் ஒரு தீர்வும் யோசித்து வைத்திருந்தார்: ஸ்பீக்கர் மட்டம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபரும் வாங்கிவிடலாம். கடையில் கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரே நாளில் வாங்கிய நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாகவே மட்டமாக இருந்தால், நான்கிலும் ஒரே குறைதான் தெரிய வேண்டும். இங்கே அப்படி இல்லை. உறுமல் ஒரே மூலையில் வருகிறது. நின்றுபோவதோ ஆம்ப்பின் வேலை.

ஏணிக்கு முன்னால்

சீலிங் ஸ்பீக்கரில் கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் ஏணியைத் தேடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு ஸ்பீக்கரின் வயரும் ஆம்ப்பின் பின்னால் வந்து சேர்கிறது. பாதிக் கோளாறை அங்கேயே உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். கிரில்லைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் பெயின்ட் உரியும், போர்டின் ஓரம் நொறுங்கும். அது கடைசியில் போதும்.

முதலில் காதால் ஒரு சோதனை. பி-யை அணைத்து ஏ மட்டும் ஓட, குமிழெல்லாம் நடுவில். ஒரே ஒரு ஆள் பேசுகிற ஒலிப்பதிவைப் போட்டு, முன் ஜோடிக்குச் சரியாக நடுவில் நின்று கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே ஒலி போனால், குரல் தலைக்கு மேலே நடுவிலிருந்து வருவதுபோல் தோன்ற வேண்டும். இங்கே அது நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்றே கைகாட்ட முடியவில்லை.

அப்புறம் ஒரு பாட்டைப் போட்டு பேலன்ஸ் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்பினேன். பேஸ் கூடியது. வலது பக்கம் திருப்பினாலும் கூடியது. நடுவில் வைத்தால் காணவில்லை. ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது இருக்கும் பேஸ், இரண்டும் ஓடும்போது குறைகிறது என்றால் வேறு விளக்கமே தேவையில்லை: ஒன்றில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னே வரும் அதே நொடியில் மற்றது பின்னே போகிறது. ஒன்று காற்றைத் தள்ள, இன்னொன்று இழுக்க, கணக்கு நேராகிவிடுகிறது.

பேஸ் மட்டும் ஏன் போகிறது, ட்ரெபிள் ஏன் தப்பிக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு, சில மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே இடம்தான். அதனால் ஒன்றையொன்று அழித்துவிடும். 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். தலையைச் சற்றே அசைத்தால் ஓர் இடத்தில் அழியும், அடுத்த இடத்தில் கூடும். அதனால் ட்ரெபிள் இருப்பதுபோலவே கேட்கும், ஆனால் குரல் ஒரு இடத்தில் நிற்காது.

பின் ஜோடியையும் இதே மாதிரி தனியாகப் பார்த்தேன். அதில் குரல் ஒழுங்காக நடுவில் வந்தது. பேலன்ஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு ஏ மட்டும், அப்புறம் ஏ-யும் பி-யும் என்று மாற்றி மாற்றிக் கேட்டதில் முன் இடதும் பின் இடதும் ஒத்துப்போவது தெரிந்தது. ஆக, மாறியிருப்பது முன் வலது ஒன்றுதான்.

உறுதிப்படுத்த 1.5 வோல்ட் பென்சில் செல் போதும். ஆம்ப்பை அணைத்து, வயரைக் கழற்றி, ப்ளஸ் என்று குறியிட்ட முனையைச் செல்லின் ப்ளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் 'டக்' என்று கோன் அசையும். வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. கீழேயிருந்து ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிரில்லின் ஓட்டை நெருக்கமாக இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். செல்லைத் தொட்டபடியே வைத்திருக்கக் கூடாது. 9 வோல்ட் பேட்டரியெல்லாம் இதற்கு வேண்டாம். நான்கையும் தொட்டுப் பார்த்ததில் முன் வலது மட்டும் உள்ளே போனது.

ஆம்ப் பக்கத்திலேயே அந்த ஒரு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகி, 'இதில் குறி தலைகீழ்' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். ஜாயின்ட்டைத் தேடிப் பிடித்து அங்கேயே திருத்துவதுதான் முறை என்று சிலர் சொல்வார்கள். ஜாயின்ட் கைக்கு எட்டினால் சரி. இல்லையென்றால் சீட்டு போதும். சீட்டு இல்லாமல் மட்டும் விடக் கூடாது. நாளை ஆம்ப்பை மாற்ற வருகிறவர் குறியைப் பார்த்து 'ஒழுங்காக' மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பேஸ் வந்துவிட்டது. வீட்டுக்காரர் முகத்தில், இவ்வளவுதானா என்ற ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

மீட்டர் காட்டிய ஐந்தாவது ஸ்பீக்கர்

இரண்டாவது புகாருக்கு மல்டிமீட்டர். ஆம்ப்பை அணைத்து எல்லா வயரையும் டெர்மினலிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொரு ஜோடி முனைக்கும் ஓம் அளக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. மீட்டர் பார்ப்பது கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலின் நேர்மின் தடையை மட்டும்; அது பெரும்பாலும் 6-க்குப் பக்கத்தில் இருக்கும். அதோடு வயரின் தடையும் சேரும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் 15 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் சுமார் 0.4 ஓம்.

முன் இடது 6.3, முன் வலது 6.5, பின் இடது 6.4. பின் வலது 3.4.

ஒன்றுமே காட்டாமல் இருந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் 0.4 காட்டினால் ஷார்ட். 3.4 என்பது இரண்டும் இல்லை, கிட்டத்தட்டப் பாதி. பாதி வந்தால் ஒன்று அது 4 ஓம் ஸ்பீக்கராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே வயரில் இரண்டு ஸ்பீக்கர் தொங்க வேண்டும்.

"இந்த வயரில் வேறு ஏதாவது ஸ்பீக்கர் இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். இல்லவே இல்லை, மொத்தமே நான்குதான் என்றார் அவர். சமையலறையிலிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார்: "இங்கே ஒண்ணு இருக்கேப்பா. அதுல சில பாட்டுல பாடறவங்க குரலே வராது, வெறும் மேளம்தான் கேக்கும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

சொல்லியிருக்கிறார், யாரும் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலறை ஸ்பீக்கருக்குத் தனி வயர் இழுக்காமல், பக்கத்தில் ஓடிய பின் வலது வயரிலேயே எலக்ட்ரீஷியன் ஒட்டுப் போட்டிருக்கிறார். அதனால் அங்கே வலது சேனல், அதாவது ஸ்டீரியோவின் வலது பக்க ஒலி மட்டும் போகிறது. குரலை இடதிலும் வாத்தியத்தை வலதிலும் வைத்துப் பதிந்த பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் பாடுகிறவர் காணாமல்தான் போவார்.

இனி கணக்கு. வலது சேனலில் ஏ-யின் 8 ஓம் ஒன்று. பி-யில் 8-ம் 8-ம் இணையாகச் சேர்ந்து 4 ஓம். ஏ-யும் பி-யும் சேர்த்துப் போட்டால் இந்த ஆம்ப்பில் இரண்டும் மறுபடி இணையாகும்: 2.67 ஓம். ஆம்ப்பின் பின்னால், ஏ மட்டுமோ பி மட்டுமோ என்றால் 4 ஓம் முதல், இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓம் முதல் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மொத்தச் சுமை 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 20 வோல்ட் போகும்போது 8 ஓம் ஒன்று 2.5 ஆம்பியர் இழுக்கும். 2.67 ஓம் என்றால் 7.5. மும்மடங்கு. அதுவும் பெயரளவுக் கணக்குதான். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 6.4 வரை இறங்குவதை ஐஇசி என்ற சர்வதேச மின்சாதன அமைப்பின் தரநிலையே அனுமதிக்கிறது.

இந்த வீட்டின் கதை எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். ஏ-யையும் பி-யையும் எப்போதும் சேர்த்தே போட்டு வைத்திருந்தது ஏன் என்று கேட்டதற்கு, "ஏ மட்டும் போட்டா பேஸே இருக்காது, ரெண்டும் போட்டாத்தான் கொஞ்சம் வரும்" என்றார். வரத்தான் செய்யும். ஏ ஜோடியில் ஒன்று தலைகீழ். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின் ஜோடி சேர்ந்தால் மூன்று ஒரு திசை, ஒன்று எதிர்த் திசை, பாதியாவது மிஞ்சும். அதோடு நிற்காமல் பேஸ் குமிழையும் முழுக்கத் திருப்பி, லவுட்னஸையும் போட்டுவிட்டார். பேஸை 10 டெசிபெல் கூட்டினால் அந்த அதிர்வெண்களில் ஆம்ப் பத்து மடங்கு பவர் தர வேண்டும். ஆக, முன் வலதில் மாறிய ஒரு வயருக்கு ஈடுகட்டப்போய் ஆம்ப்பின் மேல் இரண்டு பாரம் ஏறியது. சமையலறை ஸ்பீக்கர் அதற்கு வழி செய்து கொடுத்தது. ஆம்ப் நின்றுபோனது கோளாறே இல்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. கதவு மூடிய டிவி கேபினெட்டுக்குள் அதை வைத்திருந்ததும் ஒரு காரணம். கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

சமையலறை ஸ்பீக்கரை என்ன செய்வது? பின் வலதோடு தொடராக இணைத்தால் ஓம் கணக்கு சரியாகும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தடையும் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஒன்றின் குணம் மற்றதன் ஒலியைக் கெடுக்கும், பின் இடதும் வலதும் ஒரே அளவில் பேசாது. ஆம்ப்பின் பின்னால் 8-லிருந்து 4-க்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைத் தள்ளிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான ஆம்ப்களில் அது உள்ளே வோல்டேஜைக் குறைப்பதுதான். சூடு குறையும், பவரும் குறையும், பாரம் அப்படியே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, இம்பீடன்ஸ் (ஆம்ப் பார்க்கும் ஓம்) பொருத்தும் வால்யூம் கன்ட்ரோல்கள் இருக்கின்றன. பல அறைகளுக்கு ஒரே பாட்டு வேண்டும் என்றால் அது நல்ல வழி. இங்கே ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். ஒட்டைப் பிரித்துவிட்டு, அதற்கென்று ஒரு சின்ன ஆம்ப் வைத்து, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாகக் கொடுப்பது சுலபம் என்று பட்டது. அம்மாவுக்கும் பாடுகிறவர் குரல் கேட்கும்.

ஒட்டைப் பிரிக்க ஏணி வேண்டியிருந்தது. பின் வலது ஸ்பீக்கரை இறக்கி அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டால் ஜாயின்ட் எட்டியது. வயரை முறுக்கி வெறும் டேப் சுற்றியிருந்தார்கள். மேலே கையை விடுவதற்கு முன் அந்தப் பகுதியின் மெயின்ஸை அணைத்தாக வேண்டும். விளக்குக்கும் ஏசிக்கும் போகும் வயர்கள் அதே இடத்தில்தான் கிடக்கின்றன, எது எது என்று பார்த்ததும் தெரியாது. பிரித்தபின் பின் வலது 6.4 காட்டியது.

உறுமல்

பேஸ் திரும்பியதில் மூன்றாவது புகார் இன்னும் பெரிதானது. முன்பு எப்போதாவது கேட்டது இப்போது எல்லாப் பாட்டிலும் கேட்டது. இது நல்ல செய்திதான். வரும்போது வந்து போகும் சத்தத்தைவிட, கூப்பிட்டால் வரும் சத்தத்தைப் பிடிப்பது எளிது.

முதலில் ஆம்ப்பின் பின்னால் இடது வலது வயரை இடம் மாற்றினேன். உறுமல் வலது மூலைக்குப் போயிருந்தால் குற்றம் ஆம்ப்பிலோ பாட்டிலோ இருக்கும். போகவில்லை, இடது மூலையிலேயே நின்றது. அடுத்து போனில் ஒரு டோன் ஜெனரேட்டரை வைத்து 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றினேன், குறைந்த சத்தத்தில். 90-ஐத் தாண்டியதும் 'ர்ர்ர்' என்று ஆரம்பித்து 100-க்குள் அடங்கிவிட்டது. ஒரே இடத்தில் இப்படி எழுந்து அடங்கினால், ஏதோ ஒரு பொருள் தன் இயல்பான அதிர்வில் ஆடுகிறது என்று அர்த்தம். காயில் உரசினால் சத்தம் இப்படி இருக்காது. கோன் நன்றாக அசையும் எல்லா ஒலியிலும் சொரசொரவென்று வரும். இருந்தாலும் ஏணியில் ஏறியதும் கோனை இரண்டு பக்கமும் விரலால் சமமாக, மெல்ல அமுக்கிப் பார்த்தேன். உரசல் இல்லை.

டோனை 93 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் அமுக்குவதுதான் வேலை. கிரில்லை அமுக்கினால் மாற்றமில்லை. ஸ்பீக்கரின் விளிம்பை அமுக்கினால் பாதி குறைந்தது. பக்கத்தில் இருந்த எல்இடி விளக்கின் வளையத்தையும் சேர்த்து அமுக்கினால் இன்னும் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

விளிம்புக்குக் காரணம் கவ்விகள். இந்த மாதிரி ஸ்பீக்கரில் முன்னாலிருந்து ஸ்க்ரூவைத் திருப்பினால் பின்னால் ஒரு காது வெளியே விரிந்து போர்டைப் பிடித்துக்கொள்ளும். நான்கில் ஒன்று சீலிங்கின் உலோகச் சேனலில் முட்டி, விரியவே இல்லை. மூன்று கவ்வியில் தொங்கிய ஸ்பீக்கரின் ஒரு ஓரம் போர்டைத் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் சுற்றி வைத்து நான்கும் விரியும்படி செய்து, விளிம்புக்கும் போர்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி, கை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினேன். டிரில் மெஷினால் இறுக்கினால் ஜிப்சம் நொறுங்கிவிடும். அப்புறம் எந்தக் கவ்வியும் பிடிக்காது.

விளக்கில் ஒரு ஸ்பிரிங் போர்டில் சரியாக உட்காராமல் இருந்தது, அதைத் திருப்பி வைத்தால் முடிந்தது. மிச்சம் இருந்த உறுமலுக்குக் காரணம் ஸ்பீக்கருக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த உபரி வயர். போர்டின் மேல் தளர்வாகக் கிடந்து 93 ஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருந்தது. உலோகச் சேனலோடு சேர்த்துக் கட்டியதும் மூலை அடங்கியது. மூன்றும் சின்ன விஷயம். ஆனால் மூன்றில் எந்த ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தாலும், சத்தம் இன்னும் வருகிறதே, ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள்.

கிரில்லைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த ஸ்பீக்கர்களில் ட்வீட்டருக்கு 0, கழித்தல் 3 டெசிபெல் என்று ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. முன் இடதில் 0, முன் வலதில் கழித்தல் 3. யாரும் புகாரே சொல்லவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது இதனால்தான். இரண்டையும் 0-வில் வைத்து, ட்வீட்டரை விரலால் திருப்பி சோபா பக்கம் பார்க்க வைத்தேன்.

மிச்சம்

பேஸ் குமிழ் இப்போது நடுவில், லவுட்னஸ் அணைத்தாகிவிட்டது. ஏ மட்டும் ஓடினாலே போதுமானதாக இருக்கிறது. ஆட்கள் வந்தால் மட்டும் பி. சத்தத்தைக் கூட்டினாலும் ஆம்ப் நிற்பதில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி மெலிகிறது. தரையில் படுத்தால் நன்றாக வருகிறது. இது வயர் விவகாரம் இல்லை, உயரத்தின் விவகாரம். 2.7 மீட்டர் உயரத்தில் தரைக்கும் சீலிங்குக்கும் இடையே அலை முட்டித் திரும்பி நிற்கும் முதல் அதிர்வெண் சுமார் 63.5 ஹெர்ட்ஸ். அந்த அலையில் அழுத்தம் தரையிலும் சீலிங்கிலும் உச்சம், நடு உயரத்தில் மிகக் குறைவு. நடு உயரம் 1.35 மீட்டர்; உட்கார்ந்திருப்பவரின் காது 1.1 மீட்டரில். சீலிங் ஸ்பீக்கரோ அந்த அலையை எழுப்ப மிகப் பொருத்தமான இடத்தில், உச்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணைத் தூக்கினால் சோபாவுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. ஆம்ப்பின் பவர்தான் வீணாகும், போர்டு மறுபடி உறுமும்.

வீட்டுக்காரர் முதலில் கேட்ட சப்வூஃபருக்கு இந்த ஒரு காரணத்துக்காக இடம் இருக்கிறது. தரையில் ஒன்றை வைத்து, அந்த அதிர்வெண்ணில் அது சீலிங் ஸ்பீக்கர்களோடு ஒரே கட்டத்தில், அதாவது அவை தள்ளும்போது தள்ளி இழுக்கும்போது இழுத்து, வேலை செய்தால், மேலும் கீழுமாக எழும் அந்த அலை அடங்கி, படுத்தவருக்கும் உட்கார்ந்தவருக்கும் கேட்பதில் உள்ள வித்தியாசம் குறையும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சீலிங் ஸ்பீக்கர்களுக்கு வெட்டிவிட்டால் ஆம்ப்புக்கும் 6.5 அங்குல கோன்களுக்கும் வேலை மிச்சம்; அந்த அலையை அடக்க அவை தரும் உதவி மட்டும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் நான்கு ஸ்பீக்கரை மாற்றும் பேச்சு அதோடு சேராது. கொஞ்ச நாள் இப்படியே கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார்.